பூசாத சுவர்

போன வாரம் என் வீட்டில் ஒரு சுவர் உடைந்தது. கல் சுவர் இல்லை. எங்கள் சிலிபின் வட்டாரத்து வீடுகளில் கூடத்தையும் உள் அறையையும் பிரிக்கும் தடுப்புதான் — மூங்கில் பட்டை கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியது. அலமாரியை நகர்த்தும்போது அதன் மூலை இடித்து, சோற்றுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது.

வேறு நாளாக இருந்தால் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மரகதத்தைப் பெண் பார்க்கப் பாரிட் புந்தாரிலிருந்து வருகிறார்கள். ஓட்டைச் சுவரோடு எப்படி வரவேற்பது?

வெள்ளி மாலையே இறங்கிவிட்டேன். ஒடிந்த பட்டைகளை வெட்டி எடுத்தேன். புதுப் பட்டை வைத்துப் பிரம்பால் கட்டினேன். காரையைக் குழைத்து ஒரே அப்பாக அப்பினேன். சனி காலையில் அத்தனையும் தரையில் கிடந்தது. பழைய காரையின் ஓரத்தை நனைக்காமல் பூசினால் அது ஈரத்தை உறிஞ்சிவிடும், புதுசு ஒட்டாது. இது புரிவதற்குள் அரை நாள் போயிற்று. வெளியே மழை வேறு. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மறுபடியும் குழைக்க உட்கார்ந்தபோது மரகதம் வந்து நின்றாள்.

"அண்ணே, இதை ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பூசலாம்லா?"

"வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"அவங்க எல்லாரும் என்னைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பார்ப்பாங்க. நான் வெத்தலைத் தட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். மூஞ்சியே பார்க்காம சரின்னு சொல்லணுமா?"

என் மனைவி செல்லம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "நான் அப்படித்தான் மூஞ்சியே பார்க்காம சரின்னு சொன்னேன். இப்ப பாரு, சுவரு விழுந்து கெடக்கு."

பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஞாயிறு வந்தார்கள். மாப்பிள்ளை அரிசி ஆலையில் கிளார்க். சட்டையில் ஒரு சுருக்கமில்லை. அவருடைய தாயார் உட்காருவதற்கு முன்பே சுவரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இப்படிக் கெடக்கு?"

"வேலை நடக்குதுங்க," என்றேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டை இடுக்கில் மரகதத்தின் கண் தெரிகிறதா... வளையல் சத்தம் கேட்கிறதா... பேச்சில் பாதி காதில் ஏறவில்லை.

அவர்கள் ரயிலுக்குப் புறப்பட்டதும் மரகதத்திடம் கேட்டேன்.

"வேண்டாம்ணே."

"ஏன்? நல்ல பையனாத்தானே இருக்கான்?"

"டீக்குச் சீனி போதுமான்னு அண்ணி கேட்டாங்க. அவரு அம்மா மூஞ்சியப் பார்த்தாரு. அவங்க தலையாட்டினப்புறம்தான் போதும்னாரு. ரெண்டாவது தடவையும் அப்படியேதான்."

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஏன் என் கண்ணில் படவில்லை? நான் சுவரை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடம் நிறைய ஆள் இருந்தோம் — பார்த்தது சுவருக்குப் பின்னால் நின்றவள் ஒருத்திதான்.

சம்மதமில்லை என்று மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டேன். உறவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

சுவரைப் பூசவில்லை. அடுத்த மாதம் பத்து காஜா ஊரிலிருந்து ஒரு வரன் வருகிறது.