உப்புப் போட்ட காது

எங்கள் வீட்டில் எனக்கு முன்னமே தோடு போட்டது மாடுதான். அம்மா பெண்கள் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கிய சிவத்த பசு. சங்கத்து ஆட்கள் வந்து, இலக்கம் எழுதிய மஞ்சள் தகட்டை அதன் காதில் குத்திவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சமாதான காலம் அது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அம்மாவையும் மாட்டையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ஐந்து பெண்கள் ஒரு குழு. ஐவரும் மாடு வாங்கியிருந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் தலையிலும் விழும். மாடு செத்தால் கடன் கழியும், ஆனால் தகட்டோடு காதை வெட்டிக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். காது இல்லையென்றால், விற்றுத் தின்றுவிட்டுப் பொய் சொல்கிறாய் என்பார்கள்.

சண்டை திரும்பத் தொடங்கி, இரணைமடுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தபோது மாட்டையும் நடத்திக்கொண்டு போனோம். விசுவமடுவில் செல் குண்டு விழுந்தது. சனமெல்லாம் முன்னால் ஓட, அம்மா மட்டும் திரும்பி ஓடினார். அப்பா கத்தக் கத்த, செத்த மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து காதை அறுத்தார்.

உப்புப் போட்டுப் பொலித்தீனில் சுற்றி, என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தார். நாற்றம் தாங்க முடியாமல், எறியட்டோ என்று கேட்டேன்.

"எறிஞ்சால் அந்த நாலு பேரின்ர முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

பிறகு உடுப்புகளை விட்டோம், அரிசியை விட்டோம். காதை விடவில்லை. இராணுவச் சோதனையில் பையைத் திறந்த ஆமிக்காரன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு, போ என்று கைகாட்டினான்.

அகதி முகாமில் அம்மா கூடாரம் கூடாரமாக அந்த நால்வரையும் தேடினார். ஒருவரைத்தான் கண்டோம், பக்கத்து வளவு மாமியை. அவருடைய ஒரே மகன்தான் எங்கள் மாட்டுக்கும் புல் வெட்டித் தருகிறவன். அவன் எங்கே மாமி என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மா அவசரமாகப் பொதியை அவிழ்த்துக் காட்டினார். "பயப்பிடாதேங்கோ அக்கா. காது இருக்கு."

மாமி அதைக் கையில் வாங்கினார். தகட்டை விரலால் துடைத்தார்.

"உனக்குக் காட்டுறதுக்கு ஒரு காதாவது இருக்கு" என்றார். "எனக்கு ஒண்டுமில்லை."

மாமியின் மாடும் செத்திருக்கும், காதை வெட்ட மறந்திருப்பார், அந்தப் பொறாமையில்தான் கதைக்கிறார் என்று நினைத்தேன். எங்களிடம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் பெருமை வேறு. அம்மா ஏன் அந்தக் காதைப் பறித்துச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டு அப்படி அழுதார் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.