மேல் வீட்டுப் பீர்க்கங்காய்

“ஏம் கூரம்மா ஈ ரோஜு?” இன்றைக்கு என்ன கறி என்று அர்த்தம். திருப்பதிக்கு வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பால் பாக்கெட் எடுக்க இறங்கினால் கேட்கிறார்கள், மொட்டை மாடியில் துணி உலர்த்தினால் கேட்கிறார்கள். இந்த ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரிதான், யாரும் பதிலுக்குக் காத்திருப்பதுகூட இல்லை என்கிறார் என் கணவர். ஆனால் கேட்பவர் கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார ஆன்ட்டியாக இருந்து, நம் ஃபிரிட்ஜில் மீனும் இருந்துவிட்டால், அது வணக்கமாகக் காதில் விழுவதில்லை. விசாரணையாகத்தான் விழுகிறது.

கடல் கடந்து போன வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் புலம்பெயர்ந்த தூரம் சித்தூர் பக்கத்துக் குடிபாலாவிலிருந்து திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி வரை, மூன்று மணி நேர பஸ் பயணம். மாநிலம் மாறவில்லை, மாவட்டம்தான் சமீபத்தில் இரண்டானது. ஆனாலும் நாங்கள் தமிழில் சண்டை போட்டு, வேலூரில் துணி எடுத்து, வேலூரிலேயே பல் பிடுங்கிக்கொண்டு, ஆந்திராவை ரேஷன் கார்டில் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் தெருவில் என்ன குழம்பு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஏரி வற்றி மீன் பிடிக்கும் நாளில் நைனா, அதாவது அப்பா, கெண்டையோடு தெருமுனை திரும்பும்போதே பூனைகள் வந்து நிற்கும். பூனைகளுக்குப் பின்னால் சித்தப்பா வந்து நிற்பார். எங்கள் ஊரில் மீன் ரகசியமாக இருக்கவே முடியாது.

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்ததே ஒரு பாதி உண்மையால். வாடகை பேசும்போது, அசைவம் சாப்பிடுவீர்களா என்று ஆன்ட்டி கேட்டார். என் கணவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி, “சனிவாரம் முட்டனே முட்டம்” என்றார். சனிக்கிழமை தொடவே மாட்டோம் என்பது சத்தியமான உண்மை. மற்ற ஆறு நாட்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, ஆன்ட்டியும் கேட்கவில்லை. இவ்வளவு பக்தியான குடும்பமா என்று அவர் கண் கலங்கிச் சாவியைக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. நான் கல்லூரி லேபில் வேலை முடித்து ஆறு மணிக்குத் திரும்பும்வரை இப்போது நான்கு வயதாகும் என் மகள் தன்விகாவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். சொன்னபடி இன்றுவரை பார்த்துக்கொள்கிறார். அவர் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தன்விகாவின் எடை ஏறவில்லை. முட்டையைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். முள் இல்லாத, காரம் இல்லாத வெள்ளை மீன் கொடுங்கள் என்றார் குழந்தை டாக்டர். சூப்பர் மார்க்கெட்டில் பனிக்கட்டிக்குள் படுத்திருக்கும் அந்த மீன் துண்டை முதன்முதலில் வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“இன்னாடி இது, தலையும் இல்ல, முள்ளும் இல்ல. வாசனையாவது வருதா?”

“வராதும்மா. அதான் நல்லதாம். டாக்டர் சொன்னாரு.”

“அவரு துன்னு பாத்தாரா?”

வாசனை வராது என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? செதில் இல்லை, தலை இல்லை, ஆகவே குப்பையில் சாட்சி இல்லை. காலையில் ஃபிரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் மாலைக்குள் இளகிவிடும். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள், மேலே மெல்லிசாக அரிசி மாவு. நான்ஸ்டிக் தவாவில் இரண்டு சொட்டு கடலை எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் பொன்னிறமானதும் ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டு, கரண்டி நுனி பட்டதும் இதழிதழாகப் பிரிந்தால் இறக்கிவிடலாம். எலுமிச்சை பிழிந்து ரசம் சாதத்தோடு கொடுத்தால், வேலை நாளில் ஏழு மணிக்குள் குழந்தைக்குச் சாப்பாடு முடிந்துவிடும். இதற்கு முன்பாகப் பக்கத்து அடுப்பில் பெருங்காயத்தைத் தாராளமாகப் பொரிய விடுவேன். சன்னலையும் சாத்துவேன். ஆன்ட்டிக்காக மட்டுமில்லை, திறந்தால் நேரே மலைப்பாதை விளக்குகள் தெரிகின்றன.

அப்படியிருந்தும் கேள்வி வரும். “பீரகாய ஆன்ட்டி” என்று முதல் நாள் வாயில் வந்ததைச் சொன்னேன். பீர்க்கங்காய்தான் உலகத்திலேயே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட காய் என்று அப்போது தோன்றியது. அதையே சொல்லிப் பழகிவிட்டேன். இடுப்பில் இருந்த குழந்தையும் கேட்டுப் பழகிவிட்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்த வெள்ளைத் துண்டுக்குப் பெயரே அதுதான். எடை ஏறியிருக்கிறதே, என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அவளே முந்திக்கொண்டு பீரகாய என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

போன புதன்கிழமை கேட்டைத் திறக்கும்போதே ஆன்ட்டி கிண்ணத்தோடு நின்றிருந்தார். அன்று அவர் வீட்டில் நிஜமாகவே பீர்க்கங்காய் கறி. பாப்பாவுக்கு உயிராயிற்றே என்று ஆசையாக ஊட்டியிருக்கிறார். தன்விகா துப்பிவிட்டு, “இதி பீரகாய காது. மா பீரகாய தெல்லகா உன்டுந்தி” என்றாளாம். இது பீர்க்கங்காயே இல்லை, எங்களுடையது வெள்ளையாக இருக்கும் என்று.

அவசரமாக ஒரு பொய்யைத் தேடியபடி கேட்டைச் சாத்தினேன். ஆனால் ஆன்ட்டி யோசித்து விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“பாலு போசி சேஸ்தாவா?”

பால் ஊற்றிச் செய்யும் ஒரு பீர்க்கங்காய் கறி இங்கே உண்டு. மிதக்கும் கட்டையைப் பிடிப்பது மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன். அதுதான் தப்பாகிவிட்டது. அவர் கணவரான அங்கிளுக்குச் சர்க்கரை, காய்கறிதான் சாப்பிட வேண்டும் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிறார், அவரோ பீர்க்கங்காயைக் கண்டால் எழுந்து போய்விடுகிறார். ஒரு குழந்தையே இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறதென்றால் அதில் ஏதோ கைப்பக்குவம் இருக்கிறது. ஆகவே வருகிற வியாழக்கிழமை நான் அவர் சமையலறையில் அதைச் செய்து காட்ட வேண்டும். இதே ருசிதானா என்று தன்விகா முதலில் சாப்பிட்டுச் சொல்வாள், பிறகு அங்கிள் சாப்பிடுவார்.

“இன்னா இப்போ, பாலு ஊத்தி நெஜமாவே செஞ்சிட்டு வா” என்கிறார் என் கணவர், செய்தி பார்த்துக்கொண்டே. செய்துவிடலாம். இது இல்லை என்று குழந்தை சொல்வாளே? நேற்று அவளை உட்கார வைத்து, கண்ணு, நாம் சாப்பிடுவதன் பெயர் மீன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “மீனு குடிபாலால இருக்குது. கிந்தா ஆன்ட்டி வீட்ல பச்ச பீரகாய. நம்ம வீட்ல தெல்ல பீரகாய” என்று, கீழ் வீட்டில் பச்சை, நம் வீட்டில் வெள்ளை எனத் தமிழும் தெலுங்குமாக நிதானமாக விளக்கிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் படியில் போய் உட்கார்ந்து பொம்மைக்கு இரண்டு கிண்ணங்களிலிருந்தும் மாறி மாறி ஊட்ட ஆரம்பித்தாள்.

வாசகர்களே, வியாழக்கிழமைக்குள் யாராவது யோசனை சொல்லுங்கள். ஆன்ட்டியிடம் உண்மையைச் சொல்லி, வீட்டையும் வேலையையும் சேர்த்துக் காலி செய்வதா? அல்லது எல்லோர் முன்னாலும், “குழந்தை ஏதோ பொய் சொல்கிறாள்” என்று நான் சிரித்து மழுப்புவதா? இந்த வீட்டில் இதுவரை பொய்யே சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.