ஒருவருக்கு மட்டும் கிடைத்த அனுமதி

மெல்பர்னில் வேலை பார்க்கும் சுஷ்மிதா சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து அவள் கூப்பிட்டது அப்பாவைத்தான்.

சிங்கப்பூரில், செங்காங் வீட்டில் ஞானசேகரன் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு போனை எடுத்தவர், "அப்பா வர்றேன்மா. நீ காலை அசைக்காம படு," என்றார். அன்று விடுமுறையில் வீட்டிலிருந்த மனைவி சுசீலாவிடம், "நாம ரெண்டு பேரும் போயிடலாம்," என்று சொல்லிவிட்டு, வறுத்த மிளகாய்ப்பொடி எவ்வளவு கொண்டுபோகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் சமையல் அவருடையது. கப்பல் பட்டறையில் காலை ஷிஃப்ட் முடிந்து மதியமே வந்துவிடுவார். காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் சுசீலா வீடு திரும்ப ஏழு மணியாகும். பள்ளிவிட்டு வந்த மகளுக்குச் சோறு போட்டது, கதை கேட்டது எல்லாம் அவர். கண்டிப்பு மட்டும் சுசீலாவின் பங்கு. இங்கே நல்ல வேலையை விட்டுவிட்டு சுஷ்மிதா மெல்பர்ன் போகிறேன் என்றபோது, "அங்க என்ன கொட்டியா கிடக்கு?" என்று சுசீலா ஒருமுறைக்கு நான்குமுறை கேட்டுவிட்டாள். அதிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு என்றால் தீபாவளி வாழ்த்தும் மழை வெயிலும்தான்.

அன்று மாலையே ஆஸ்திரேலியப் பயண அனுமதிக்கான செயலியைப் போனில் இறக்கினார்கள். முதலில் ஞானசேகரன் தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடுகளின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இந்தியா இல்லை. "ஆப்புல ஏதோ கோளாறு," என்றார்.

மறுநாள் காலை இருவரும் லிட்டில் இந்தியாவுக்குப் போனார்கள். கேம்பல் லேனில் ஒரு மாடியறையில் பயண அலுவலகம் வைத்திருந்த அஸ்மத் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"கோளாறு ஒண்ணும் இல்லண்ணே. உங்களுக்கு அது கிடையாது."

"நான் இங்க வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி. பி.ஆர்., நிரந்தரவாசி."

"பி.ஆர். இருந்தாலும் அவங்க பார்க்கிறது பாஸ்போர்ட்டைத்தான். உங்களுது இந்தியன். முறையா விசா போடணும். பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி லெட்டர் எல்லாம் வேணும். மூணு வாரமும் ஆகலாம், மேலயும் ஆகலாம். அக்கா இங்க பொறந்தவங்க, அவங்களுக்கு இப்பவே போட்டுடலாம் லா."

சுசீலா தன் சிவப்பு சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அஸ்மத் முதல் பக்கத்தைப் போனில் படமெடுத்தான். பிறகு போனைப் பாஸ்போர்ட்டின் மேல் வைத்துச் சற்று நேரம் அசையாமல் பிடித்தான். "கண்ணாடியைக் கழட்டிட்டு நேரா பாருங்கக்கா," என்றான். சில கேள்விகளை வாசித்தான். அவள் பதில் சொன்னாள். கீழ்க்கடையிலிருந்து வந்த தேநீரில் பாதிகூடக் குடிக்கவில்லை. அதற்குள் அனுமதி மின்னஞ்சலில் வந்துவிட்டது.

"முடிஞ்சுதுக்கா."

ஞானசேகரன் தன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். சரியாக நுழையவில்லை. இன்னொருமுறை எடுத்து வைத்தார்.

சிங்கப்பூர்க் குடியுரிமை எடுங்கள் என்று சுசீலா அவரிடம் சொன்ன காலம் உண்டு. மகள் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது அதற்காகச் சண்டையே போட்டாள். "ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் வச்சுக்கலாம்னா நாளைக்கே எடுப்பேன்," என்பார் அவர். அதற்குமேல் காரணம் சொல்லத் தெரியாது. நாளாக ஆக, அவளும் விட்டுவிட்டாள்.

படியிறங்கும்போது அவரே சொன்னார்: "நீ அப்பவே சொன்னே."

சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிய அந்த மனிதரைப் பார்த்ததும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "டிக்கெட் பார்க்கணும், வாங்க," என்றாள்.

இரவு ஸ்பீக்கரில் மகளிடம் செய்தியைச் சொன்னார்.

"அம்மாவா? தனியாவா? அம்மாவுக்கு லீவ் கிடைக்குமாப்பா?"

"கிடைச்சிடுச்சு," என்றாள் சுசீலா, தள்ளி நின்றபடியே.

தனியாக விமானம் ஏறியது அவளுக்கு அதுதான் முதல்முறை. மெல்பர்னில் இறங்கி, குளிரில் டாக்சி பிடித்து, மகளின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, ஊன்றுகோல்களோடு சுஷ்மிதா கதவைத் திறந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. "ஷூவை அங்கயே விடுங்கம்மா," என்றாள் மகள்.

முதல் நாட்கள் சிரமமாகத்தான் போயின. ஞானசேகரன் வீடியோவில் வந்து, "புளியைக் கொஞ்சமா கரைச்சுக்கோ, பூண்டைத் தட்டிப் போடு," என்று ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அடுப்பிலிருந்து இறக்கியதைச் சுஷ்மிதா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அம்மா துணிகளை மடித்து அடுக்கியதும், "அதை அங்க வைக்காதீங்க," என்றாள். சுசீலா எடுத்து வேறிடத்தில் வைத்தாள். வழக்கமான ஒரு சொல் நாக்குவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

ஒரு பகல் சுஷ்மிதா, "தலைக்குக் குளிக்கணும், நாறுது," என்றாள். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலைக் குப்பைப்பையால் சுற்றி டேப் ஒட்டி உட்காரவைத்தாள் சுசீலா. தண்ணீர் சூடு பார்த்து ஊற்றி, முடியை அலசினாள். மகளின் முதுகில், விழுந்த இடத்தில் நீலமாய்க் கன்றியிருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இது வலிக்கலையா?"

சுஷ்மிதா அழ ஆரம்பித்தாள். வலிக்காக அல்ல என்று சுசீலாவுக்குப் புரிந்தது. குழாயை மூடினாள்.

"அப்பா வருவாங்கன்னுதான் நெனச்சேன்மா."

"தெரியும். நானும் அப்படித்தான் நெனச்சேன். நான் வந்து என்னத்தைச் செஞ்சிடப்போறேன்னு இருந்துச்சு."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "இதை அப்பாவால செஞ்சிருக்க முடியாதே."

"முடியாதுதான்," என்றாள் சுசீலா. இருவருக்கும் சிரிப்பு வந்தது. துவட்டி முடித்து, உடைமாற்றி, கூந்தலைக் காயவைக்கிறவரை சுஷ்மிதா பேசிக்கொண்டே இருந்தாள். வந்த புதிதில் யாரையும் தெரியாமல் தவித்தது, அலுவலகத்தில் முதலில் திட்டு வாங்கியது, இப்போது அவளுக்குக் கீழே ஆட்கள் இருப்பது, சைக்கிளில் ஆற்றோரம் போகும்போது கிடைக்கிற அந்தக் காற்று. அங்கே என்ன இருக்கிறது என்று சுசீலா முன்பு பலமுறை கேட்டிருக்கிறாள்; பதிலைக் கேட்க உட்கார்ந்தது அன்றுதான். மகள் நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகும் ரசம் பெரிதாகத் தேறிவிடவில்லை. பாதி நாள் வெளியிலிருந்து வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

லீவு முடிந்து சுசீலா செங்காங் திரும்பிய வாரத்தில் ஞானசேகரனின் விசா வந்தது. அவர் உடனே மகளைக் கூப்பிட்டார். "கட்டைப் பிரிச்சிட்டாங்கப்பா, நடக்கிறேன். இப்ப ரொம்பக் குளிரு. டிசம்பர்ல வாங்க, ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்," என்றாள் அவள்.

"சரிம்மா," என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் சன்னலருகே நின்றார். கஷ்டப்பட்டு வாங்கிய அனுமதி கையில் இருந்தது, அவசரம் போய்விட்டிருந்தது. தான் போகவேண்டிய நேரத்தில் போகவில்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை.

சுசீலா வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். "இங்க வாங்க. அவ வீட்டுப் பக்கத்துல ஒரு ஆறு இருக்கு, சொன்னாளா உங்ககிட்ட?"

"இல்லையே," என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.