சதுரமான சாமி படம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் மற்றச் சாமிகளெல்லாம் நெட்டையான சட்டத்துக்குள் இருக்க, நால்வர் மட்டும் சதுரமாக இருந்தார்கள். பம்பாய் மாட்டுங்காவில் ஒரே ஒரு அறையும் சமையல்கட்டுமாக இருந்த வீடு அது. சமையல்கட்டில் மாவு டப்பாவுக்கு மேல்தட்டுதான் தெய்வங்களுக்கு என்று ஒதுக்கியிருந்த இடம். அங்கே முருகனுக்கும் மீனாட்சிக்கும் நடுவில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். சிவன் கோயில் பிரகாரத்தில் பதிகம் பாடிய நான்கு பெரியவர்கள் வரிசையாக நிற்பார்களே, அவர்கள்தான். அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

கோயில் நால்வருக்கும் எங்கள் வீட்டு நால்வருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருந்தன. அவற்றை நானே சரிசெய்துகொண்டேன். திருநெல்வேலிக்கு லீவில் போனபோது பார்த்த கோயிலில் ஒருவர் புல் செதுக்கும் உழவாரத்தைத் தோளில் சாய்த்திருந்தார். எங்கள் படத்திலும் ஒருவர் நீளக் காம்பு வைத்த எதையோ மடியில் சாய்த்திருந்தார். அங்கே ஒருவர் சின்னப் பிள்ளை. இங்கே ஒருவருக்கு மட்டும் தாடி மீசை இல்லை. அங்கே ஒருவர் மாப்பிள்ளை மாதிரி அலங்காரத்தோடு நின்றார். இங்கே ஒருவர் பூப்போட்ட பட்டுச் சட்டை போட்டிருந்தார். மிச்சமிருந்த ஒருவருக்கு அங்கே ஓலைச் சுவடி, இங்கே ஏதோ காகிதம். எல்லோருக்கும் தோளில் புரளும் சடை, கழுத்தில் மணிமாலை, வெறுங்கால். பெரிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குப் பின்னால் ஆரஞ்சும் ஊதாவுமாக வளையம் வளையமாக ஒளி. நான்கு பேரும் நல்ல வெளுப்பாக இருந்தது மட்டும் கொஞ்சம் இடித்தது. கைலாசத்தில் பனிதானே, வெயில் ஏது என்று அதையும் தீர்த்துக்கொண்டேன். மேலே வெல்லப்பாகு வழிகிற மாதிரி நெளிந்த எழுத்துகள் இருந்தன. அது கிரந்தம் என்பது என் முடிவு. இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள்தான், ஆனாலும் அதில் ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. அது என் குற்றமில்லை. படிக்க வராமல் செய்வதற்கென்றே அந்த ஓவியர் ரொம்ப மெனக்கெட்டிருந்தார்.

பூஜை அப்பாவின் பொறுப்பு. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, எட்டு மணி லோக்கல் ரயிலைப் பிடிப்பதற்கு முன் எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைப்பார். மற்றச் சாமிகளுக்கு மோதிர விரலால் ஒரு தொடல், முடிந்தது. நால்வர் படத்தில் நெற்றிகள் மிளகு அளவுதான் இருக்கும். அதற்காக மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஊதுவத்திக் குச்சியின் நுனியால் ஒவ்வொருவருக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று வைப்பார். பூஜை நேரத்தில் பாதி இவர்களுக்கே போய்விடும். பரீட்சைக் காலத்தில் நானும் முருகனை விட்டுவிட்டு இவர்களிடம்தான் வேண்டிக்கொள்வேன். ஒரே வேண்டுதலில் நான்கு பேர் என்பது லாபமாகத் தோன்றியது.

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வருகிற வழியில், கிங்ஸ் சர்க்கிளில் இருந்த கேசட் கடையின் கண்ணாடிக்குள் எங்கள் நால்வரைக் கண்டேன். ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர். அதன் கீழே அதே படம் போட்ட கேசட்டுகள் அடுக்கு அடுக்காக இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பம்பாய்க்காரர்களெல்லாம் நம் பதிகத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடி, கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் கடைக்காரர் வாசலுக்கே வந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"அரே பேபி, யே பக்வான் நஹி ஹை! கானேவாலே லோக் ஹை!"

சாமியில்லை, பாட்டுக்காரர்கள். அதோடு விட்டாரா? உள்ளே போய் அந்தக் கேசட்டைப் போட்டும் காட்டினார். வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பெரிய வண்டு ஒன்று குடத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அடுப்பை அணைத்தாள். சமையல்கட்டுக் கதவைச் சாத்தினாள். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமே இல்லை. அப்படியும் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

அது மாமாவின் படம். அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரியில் படித்தாராம். பீஸ் கட்டியது அப்பா. மாமாவோ கோட்டைப் பகுதி நடைபாதையில், ஊர் சுற்ற வந்து கைக்காசு தீர்ந்துபோன வெள்ளைக்காரப் பையன்கள் விற்ற இசைத்தட்டுகளை வாங்கி வந்து, இரவல் வாங்கிய பாட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இரண்டாம் முறையும் தேறவில்லை என்று தெரிந்த அன்று அப்பா எல்லாத் தட்டுகளையும் முழங்காலில் வைத்து முறித்துப் போட்டார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அப்போது நான் தொட்டிலில் கிடந்தேன். அவருக்கு உயிராக இருந்த அந்த ஒரு தட்டை மட்டும் அம்மா எடுத்து மறைத்து, மறுநாளே உறையோடு கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, சாமிகளுக்கு நடுவே ஏற்றிவிட்டாள்.

"பொட்டு வச்ச படத்த யாரும் குப்பையில போட மாட்டாவ, பாத்துக்க. ஒங்க அப்பா முன்னால மட்டும் இத யாராவது சொன்னா, அன்னைக்கோட போச்சு. ஏட்டி, வாயத் தொறந்துராத. அவனோடதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணுமே கெடையாது."

எனக்கு மாமா என்றால் தீபாவளிக்கு ஷில்லாங்கிலிருந்து வருகிற ஒரு வாழ்த்து அட்டை. அதை அம்மா இரண்டு முறை படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் வைப்பாள். அப்பா அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். சொல்ல மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

சனிக்கிழமை காலை தாக்குப்பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. அன்றைக்கு ஆபீஸ் இல்லாததால் அப்பா அவசரமில்லாமல் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, குச்சியைச் சந்தனத்தில் தொட்டு, அந்தப் பட்டுச் சட்டைக்காரரின் நெற்றியைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இது பாவம், அப்பாவுக்குத் தெரியாமலே அவரைப் பாவம் செய்யவைக்கிறோம், மறுநாள் கணக்குப் பரீட்சை வேறு. எல்லாமாகச் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டன.

"அப்பா, அது நால்வர் இல்ல. கேசட் கடையில இருக்காங்க. பாட்டுக்காரங்க."

அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. நேராக வந்து அலமாரிக்கு முன்னால், அப்பாவுக்கும் படத்துக்கும் நடுவே நின்றுகொண்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. சத்தியத்தை உடைத்தவள் நான், என் உயிர் ஏன் இன்னும் போகவில்லை என்றிருந்தது. அப்பா குச்சியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கட? வா, காட்டு."

 கடையை எட்டியதும் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் போஸ்டர் முன்னால் நின்றார். கடைக்காரருக்கு அவரைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முந்தின ஆல்பம் ஸாப், அன்றைக்கு நம் ஊரில் இதைச் சீண்ட ஆளில்லை, இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் தேடித் தேடி வருகிறார்கள், அசல் தட்டு வைத்திருப்பவன் பாக்கியசாலி, அதற்காகத்தான் கம்பெனி மறுபடி வெளியிட்டிருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆபீஸில் கற்ற தன் கட்டை ஹிந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"டூட் கயா தோ?"

உடைந்துபோயிருந்தால்?

"இஸீலியே தோ ஃபிர் ஸே நிகாலா ஹை, ஸாப்" என்றார் கடைக்காரர். அதற்காகத்தானே மறுபடி போட்டிருக்கிறார்கள்.

அப்பா ஒரு கேசட் வாங்கினார். எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரே கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை. அன்றைய தினத்துக்கு நான் பேசியது போதும் என்று எனக்கே தெரிந்திருந்தது.

வீட்டில் அம்மா அலமாரிக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தாள், இப்போது தரையில் உட்கார்ந்தபடி. அப்பா அவளைச் சுற்றிக்கொண்டு போய், கையைக் கழுவி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பட்டுச் சட்டைக்காரருக்குச் சந்தனம், குங்குமம். அடுத்தவருக்குச் சந்தனம், குங்குமம். நான்கு பேருக்கும் முடித்துவிட்டு, கேசட்டை எடுத்துப் படத்துக்குக் கீழே ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்தார்.

"ஒன் தம்பி விலாசத்த எடு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அம்மா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டவள் எடுக்கவே இல்லை. அரிசிக்குள் கையை வைத்துக்கொண்டே அழுதாள். பொய் வெளிப்பட்டுவிட்டதே என்று அழுகிறாள், எல்லாம் என்னால்தான் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து அழுதேன். கடைசியில் கேசட் பார்சலில் விலாசத்தை எழுதியவள் நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அட்டை வரவில்லை, மாமாவே வந்தார். தோளில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமாக, பாதி வழுக்கையோடு இருந்தார். "வாங்க" என்றார் அப்பா. "சொகமா அத்தான்" என்றார் மாமா. பிறகு சமையல்கட்டுக்குள் போனவர் அலமாரியைப் பார்த்துவிட்டு வீடு அதிரச் சிரித்தார். சிரித்தபடியே குளியலறைக்குள் போய், ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். சாயங்காலம் கேசட்டைப் போட்டார்கள். அப்பா ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்க வழியில்லை. நடுவில், "கொஞ்சம் சத்தமா வைங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆல்பம் அதற்குப் பிறகு எத்தனையோ முறை மறுபடி வெளிவந்துவிட்டது. சி.டி.யாக, பெட்டியாக, கனத்த புதுத் தட்டாக எல்லாம் பார்த்துவிட்டேன். எங்கே கண்டாலும் அந்த நெற்றிகள் வெறுமையாக இருப்பது எனக்கு ஒட்டவே இல்லை.

அப்பா போன மறுவருஷம் வீட்டைக் காலி செய்தோம். அலமாரியை ஒழித்தபோது அம்மா அந்தச் சதுரப் படத்தை என்னிடம் கொடுத்தாள். கண்ணாடியில் நான்கு இடங்களில் சந்தனம் காய்ந்து இறுகிப்போய் இருந்தது. உள்ளே தட்டு பத்திரமாக இருக்கும், கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாகச் சட்டத்தைப் பிரித்து உறையைச் சாய்த்தேன். முதலில் ஒரு பாதி வந்து விழுந்தது. பிறகு இன்னொரு பாதி.

"அதையும் முறிச்சுட்டாவ" என்றாள் அம்மா. "துண்டத்தான் எடுத்து உள்ள வச்சேன். வைக்கும்போது ஒங்க அப்பா நடையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாவ. நா பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். மறுநா காலையில அவங்களே பொட்டு வச்சாவ."

உடைந்துபோயிருந்தால் என்று அப்பா அந்தக் கடையில் கேட்டது, சாமான் வாங்க வந்தவர் சும்மா கேட்கிற கேள்வி என்றுதான் பதினொரு வயதில் நினைத்துக்கொண்டேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் அவர் அந்தப் படத்திடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான்.