சாவு வீட்டுக் கேமரா

இன்று காலை இங்கே மலேசியாவில், ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். மகள் பழைய ஃபிலிம் கேமரா கேட்கிறாள். மலிவாக வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படமெடுத்த மாரி அண்ணன் அங்கே கடை விரித்திருந்தார். இரண்டு கேமராக்கள். பளபளப்பானதில் ஷட்டர் அசையவில்லை. கீறல் விழுந்ததில் 'டக்'கென்று அடித்தது. அதற்குத்தான் விலை பாதி.

"என்னண்ணே, ஓடாததுக்கு முழு விலை, ஓடுறதுக்குப் பாதியா? வெயில் மண்டையில ஏறிருச்சாலா?"

"அப்புறம் திட்டக் கூடாது தம்பி. இதுல எடுத்ததெல்லாம் சாவு வீட்டுப் படம். எஸ்டேட்ல உசுரோட இருக்கறவன எவன் படம் எடுத்தான்? ஒங்கப்பாவையும் இதுலதான் எடுத்தேன்."

எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் அப்பாவுக்குக் கண் மூடித்தான் இருக்கிறது. வேறு படம் கிடையாது.

"ஒங்கள யாருண்ணே எடுத்தா?"

"யாரும் இல்லலா. டாக்டர் வேற, தீபாவளியத் தாண்ட மாட்டேன்னு சொல்லிட்டாரு. மொத ஃபிலிம் போட்டதும் என்னைய ஒன்னு எடு. கண்ணு தெறந்திருக்கும்போதே."

கேமராவை வாங்கிவிட்டேன். ஏறி இறங்கிய கடைகளில் ஃபிலிம்தான் இல்லை.

யார் வீட்டு அலமாரியிலாவது ஒரு ரோல் கிடந்தால் உடனே சொல்லுங்கள். அண்ணன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.