பிரசவ வார்டு ஜன்னல்

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் வீட்டுலயும் சரி, வேலையிலயும் சரி, சொன்ன பேச்சு கேக்குற ஜென்மமே இல்ல. ஏ.சி. குளிர்ச்சி வீணாகுதுன்னு எல்லா ஜன்னலையும் பசை வச்சு ஒட்டச் சொன்னாரு மேனேஜர்.

"கரண்ட் போனா பிரசவ வார்டு குழந்தைங்க வெந்துடும் சார். ஓரத்துல ரப்பர் பட்டை வச்சா குளிர்ச்சியும் போகாது, வேணும்னா திறக்கலாம்."

"ஒட்டலேன்னா வேலையை விட்டுப் போய்யா!"

எலக்ட்ரீஷியன், மேனேஜர் ரூம் ஜன்னலை மட்டும் அழுத்தி ஒட்டிட்டு, வார்டுக்கு ரப்பரையே வச்சாரு.

மறுவாரம் உச்சி வெயில்ல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கே சரியாப் போச்சு. வார்டு ஜன்னலைத் திறந்துவிட்டதும் குழந்தைங்க அழுகையை நிறுத்திச்சுங்க. தொப்பலா வேர்த்த மேனேஜரும் அங்கயே வந்து காத்து வாங்கினாரு.

"நான் வேலையை விட்டுப் போகவா சார்?"

"வாயை மூடிட்டு, முதல்ல என் ரூமுக்கு ரப்பரை வைய்யா!"