கூட வந்தவங்க யாரு?

கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவளுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் சோடாபுட்டி. கண்ணாடியின் பவர் மைனஸ் பதிமூன்று. கழற்றி வைத்துவிட்டால், எங்கே வைத்தோம் என்று தேடவே இன்னொரு கண்ணாடி வேண்டும். "கண்ணாஸ்பத்திரியிலயே இந்தக் கதியா?" என்று கேட்காத நோயாளி இல்லை. அவளும் சிரித்து வைப்பாள்.

லேசர் அவளுக்கு ஆகாது. கருவிழி மெலிசு, பவரோ மலை. செதுக்கினால் மிச்சமே இருக்காது என்று டாக்டரம்மா எப்போதோ கைவிரித்துவிட்டார். போன மாதம் அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"லேசர் வேணாம். கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் வெச்சிடலாம். உன் சொந்த லென்ஸைத் தொட மாட்டோம். அதுக்கு முன்னாடி சின்னதா ஒண்ணைச் சொருகிடுவோம், அவ்வளவுதான். ஒத்துக்கலைன்னா எடுத்துடலாம். முதல்ல வலது கண்ணு, அடுத்த வாரம் இடது."

காலையில் எழுந்ததும் தலையணையைத் தடவாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். உடனே சரி என்றாள். படிவத்தை மளமளவென்று நிரப்பினாள். 'உடன் வருபவர்', 'உறவுமுறை' என்ற இரண்டு கட்டங்களில் பேனா நின்றுவிட்டது.

மருந்து விட்டு மங்கிய கண்ணோடு யாரையும் தனியே தெருவில் விடக் கூடாது. ஆள் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. அந்த விதியைக் கட்டிக் காத்ததே இவள்தான். "கூட வந்தவங்க யாரு?" என்று அவள் போடும் குரல் மாடிவரை கேட்கும். வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர்களை மாமா, சித்தப்பா என்று சிலர் கூட்டி வருவார்கள். "மாமாவா? பேஷண்ட்டுக்கு என்ன வயசு, சொல்லுங்க பாப்போம்" என்பாள். மாமா திருதிருவென்று விழிப்பார். வேலை நேரத்தில் ஊழியர்கள் யாருக்கும் துணையாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்று தாள் ஒட்டியதும் இவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "லீவு கிடைக்காதுக்கா, வீடியோல பாக்கறேன்" என்றான். பக்கத்து வீட்டுக்காரி ஊரில் இல்லை. கூட வேலை செய்பவர்களோ, "நாங்கல்லாம் இங்கதானே இருக்கோம், உங்களுக்கு எதுக்கு ஆளு?" என்று சிரித்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். கூட வர மருந்துக்குக்கூட ஒருவர் இல்லை. ஒண்டிக்கட்டை என்று தன்னையே கேலி செய்து பழகியவளுக்கு அன்று அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

ஆபரேஷன் நாள் காலையில் வாசலுக்குப் போனாள். கிழட்டு டாக்ஸிக்காரர் ஒருவர் அவளைக் கண்டதும் பீடியை மறைத்தார்.

"அம்மா, போன மாசம் நீங்கதானே என்னை வெரட்டுனீங்க?"

"ஆமா. இப்ப எனக்கே ஒரு ஆளு வேணும்."

அவர் பீடியை அணைத்தார். கிண்டல் செய்யவில்லை. "நான் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்னு போட்டுக்கலாம்."

"வயசு?"

"நாப்பத்தொண்ணு." யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அவளுடைய நாற்காலியில் அன்று புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். "கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டதும் டாக்ஸிக்காரர் எழுந்தார். வாசலில் தினமும் பார்க்கிற முகம். புதுப்பெண் அவரைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், தலை குனிந்து முத்திரை குத்தினாள். வயது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததுதான் சோடாபுட்டிக்குத் தாங்கவில்லை.

உள்ளே பெரிய வெளிச்சம், கண்ணில் ஒரு அழுத்தம், அரைமணியில் எல்லாம் முடிந்தது. சாயங்காலம், எதிர்ச்சுவரின் எழுத்துப் பலகையைக் கண்ணாடி இல்லாமலே கடைசி வரிக்கு முந்தின வரிவரை படித்தாள். அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டாள்.

டாக்ஸிக்காரர் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து, கைப்பிடித்து மூன்று மாடி ஏற்றினார். அவள் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். அவர் நகரவில்லை.

"உள்ள யாரு இருக்கா?"

"ஏன்?"

"வீட்டு ஆளுங்ககிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் வரணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. யாரும் இல்லைன்னா நான் எப்படி விட்டுட்டுப் போறது?"

அவருக்குக் காலையிலிருந்து சாப்பாடு இல்லை; இன்னும் நிறுத்தி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவள் இருட்டு வீட்டுக்குள் தலையை நீட்டி, "நான் வந்துட்டேன்! டீ போட்டு வைங்க!" என்று குரல் கொடுத்தாள்.

அவர் முகம் தெளிந்தது. வாசற்படியில் நின்று, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "சொட்டு மருந்து நாலு வேளைங்க! கண்ணைக் கசக்கவே கூடாது! தூங்கறப்ப கண்ணுக்கு மூடி போட்டுவிடுங்க! காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வரணும்!"

பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார்.

"அவங்களுக்குக் காது கேக்காதுண்ணா," என்றாள் அவள்.